கதையும் இசையும் நம் அன்றாட வாழ்வும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக ஓர் அமைப்பு தளராமல் நடந்து வந்திருக்கிறது என்றால், அதன் பின்னால் பலருடைய வியர்வை இருக்கிறது. எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் தேர்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். உதவித்தொகையைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் பேசினார்கள். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. நான் தேர்ந்துகொண்ட பொருளோ சற்றே வேறானது. மதிப்பெண் தராத விருப்பங்களைப் பற்றி நான் பேசப் போகிறேன். மாயக் கதை, அறிவியல் புனைகதை, பாட்டு, பறை, படக்கதை, வானொலி, முறுக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன்.

“வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கும் வீட்டில் கதை படிப்பதற்கு நேரம் ஏது? பாட்டுக் கேட்டால் சோறு கிடைக்குமா?” என்று சில தாய்மார்கள் மனத்திற்குள் கேட்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கேள்வியை நான் இகழமாட்டேன். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவர், அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிப் பார்ப்பது இயல்பே. ஆனால் அதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்தும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். இந்த விருப்பங்கள் உண்மையிலேயே பயனற்றவை என்றால், அவற்றை நம்மிடமிருந்து பறிப்பதற்குப் பிறர் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள்?

வரலாற்றிலிருந்து ஒரு சான்று தருகிறேன். 1930 டிசம்பர் மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் சிலர், ஆதி திராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது. ஆண்கள் சட்டை அணியலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது. மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது. குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பன அவற்றுட் சில. இவற்றுக்குப் பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, உடைமைகள் அழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 1931 ஜூன் மாதத்தில், பதினொரு தடைகள் விதிக்கப்பட்டன. பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. திருமணத்திலும் பிற கொண்டாட்டங்களிலும் மேளம் முதலிய இசை கூடாது என்பது மற்றொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இளைஞர்களே, இந்தப் பட்டியலை ஊன்றிக் கவனியுங்கள். கல்வியும் இசையும் குடையும் செருப்பும் பூவும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. தடை விதித்தவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். படிப்பு எவ்வளவு ஆபத்தானதோ, மனமகிழ்ச்சியும் அவ்வளவு ஆபத்தானது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். தன் விருப்பப்படி பூச்சூடுகிற பெண்ணை நெடுநாள் அடிமையாக வைத்திருக்க முடியாது. தன் வீட்டுத் திருமணத்தில் மேளம் வைக்கிறவன் அடுத்த நாள் கூலியும் கேட்பான். ஆகவே கல்விக் கழகம் நடத்துகிற நாம், அந்தப் பட்டியலில் கல்வியை மட்டும் மீட்டுக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுவது பாதி வேலையே ஆகும்.

நம் தலைவர் அண்ணல் அம்பேத்கர் அந்தப் பாதியோடு நின்றாரில்லை. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், உணவுக்கே சிக்கனம் பிடித்த அவர், பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ 2,000 நூல்களை வாங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1930களில் மும்பை தாதரில் அவர் கட்டிய ‘ராஜகிருகம்’ மனிதர் குடியிருப்பதற்கு எவ்வளவோ, அவ்வளவு நூல்கள் குடியிருப்பதற்கும் கட்டிய வீடாகும். சட்ட மேதையான அவர் பிற்காலத்தில் வயலின் வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு வழக்கிலும் அந்த வயலின் வாதாடவில்லை. ஒரு தேர்தலிலும் வாக்குத் தேடித் தரவில்லை. ஆயினும் அவர் கற்றார். முழு மனிதனாக வாழ்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதை அவர் வாய்ச்சொல்லால் மட்டுமன்றி வாழ்ந்தும் காட்டினார்.

இனிக் கதைக்கு வருவோம். அறிவியல் புனைகதை, மாயப் புனைகதை என்றவுடன் அது மேல்நாட்டாருக்கு உரியது, ஆங்கிலம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. நம் மணப்பாறை வட்டத்தில், நமக்கு அண்மையில் இருக்கும் வீரப்பூரில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பெருந்திருவிழா நடைபெறுகிறது. அங்கே வேடபரி காண்பதற்குத் திரளும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த விழாவின் அடிப்படையான பொன்னர் சங்கர் கதையில் என்னதான் இல்லை? மலைபோல் வளர்ந்த கொம்பன் என்னும் காட்டுப் பன்றி வருகிறது. பிள்ளை வரம் வேண்டித் தாமரை செய்யும் கடுந்தவம் வருகிறது. படுகளத்தில் மாண்டு கிடந்த அண்ணன்மாரைத் தங்கை தங்காள் எழுப்புகிறாள். நடப்பதையும் நடவாததையும் ஒன்றாகப் பின்னி, இரவிரவாக உடுக்கடித்துப் பாடிய மக்கள் நம் மண்ணின் மக்களே.

அக்கதையில் சாம்புகன் என்றொரு பாத்திரம் உண்டு. சாம்புவன் என்றும் வழங்குவர். அண்ணன்மாருக்கு உற்ற துணையாய், முரசறைபவனாய், போரில் முன்னிற்பவனாய் வரும் அவன் தாழ்த்தப்பட்ட குலத்தவன். கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965ஆம் ஆண்டு கொங்கு நாட்டில் இக்கதையை ஒலிப்பதிவு செய்து, 1982இல் ஆய்வு நூலாக வெளியிட்டார். கலைஞர் மு. கருணாநிதி இதனைப் புதினமாக எழுதினார். 2011இல் அது திரைப்படமாகவும் வந்தது. இவ்வளவும் வந்த பிறகும் ஒன்று மட்டும் வர வேண்டியதாகவே இருக்கிறது. சாம்புகனே வாய் திறந்து இக்கதையைச் சொன்னால் அது எவ்வாறு இருக்கும்? தங்கள் குதிரையைப் பற்றி அண்ணன்மார் பெருமை பேசுவார்கள். முரசைப் பற்றி அவன் என்ன சொல்வான்? படுகளத்தில் அவன் விழுந்தபோது அவனை எழுப்ப எந்தத் தங்கை வந்தாள்? இக்கேள்விக்கு விடை எழுதக்கூடியவர் இந்தப் பந்தலிலேயே அமர்ந்திருக்கக்கூடும். பழங்கதையைப் புதிய வாயால் சொல்வதும் கற்பனைக் கலையில் ஒரு பெருவழியாகும். நந்தனை அடிமையாகக் காட்டிய கதைக்கு எதிராக, நந்தன் ஒரு பௌத்த அரசன் என்று பண்டிதர் அயோத்திதாசர் எழுதினார். நூறாண்டுக்கு முன்பே அவ்வழியில் நடந்த முன்னோர் நமக்கு உண்டு.

வடநாட்டிலும் இவ்வழி பழமையானது. காசியில் தோல் தொழில் செய்யும் குலத்தில் பிறந்த ஞானி ரவிதாசர், ‘பேகம்புரா’ என்றொரு நகரத்தைக் கற்பனை செய்தார். துயரமற்ற ஊர் என்பது அதன் பொருள். அங்கே வரித் தொல்லை கிடையாது, அச்சம் கிடையாது, இரண்டாந்தரம் என்று எவரும் கிடையாது, எவரும் விரும்பிய இடத்தில் தடையின்றி உலவலாம். சீக்கியரின் குரு கிரந்தத்தில் அப்பாடல் இடம்பெற்றிருக்கிறது. தெருவில் நடப்பதற்கே தடையிருந்த ஒரு காலத்தில், எங்கும் நடக்கக்கூடிய ஊரை ஒருவர் மனத்தில் கட்டி எழுப்பினார் என்றால், அதனினும் துணிவான புனைவு வேறு எது? அறிவியல் புனைகதையின் முன்னோடி என்று மேல்நாட்டு நூல்களைச் சுட்டுவோர், இந்தத் தோல் தொழிலாளியையும் சுட்டுதல் முறையாகும்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பங்குண்டு. வங்காளத்து ரொக்கையா சகாவத் உசைன் என்னும் பெண்மணி எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற ஆங்கிலக் கதை, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற இதழிலேதான் அச்சாயிற்று. அக்கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். கதிரவன் வெப்பத்தால் சமையல் நடக்கிறது. வானத்தில் ஊர்திகள் செல்கின்றன. பள்ளிக்கூடம் சென்று பயின்றறியாத, திரைக்குள் வளர்ந்த ஒரு பெண் அதனை எழுதினார். பின்னர் அவரே பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். கனவு கண்ட கையே கரும்பலகையிலும் எழுதியது என்பதைக் கல்விக் கழகத்தார் நினைவிற் கொள்ளுதல் நன்று.

நம் தலைமுறையில் பலருக்குக் கற்பனைக் கதவைத் திறந்தது படக்கதை. 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. இங்கிலாந்தில் 1962 முதல் ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் வந்த கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்த ஒருவனுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் காற்றில் மிதப்பது போலக் கண்ணுக்குத் தெரியும். பழைய புத்தகக் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் கிழிந்த அட்டையோடு கைமாறிக் கைமாறி வந்த அந்தப் புத்தகத்தை விரும்பாத சிறுவர் அக்காலத்தில் அரியர்.

கை தெரியும், ஆள் தெரியமாட்டான் என்பது விளையாட்டுக் கற்பனை போலத் தோன்றும். நம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தால் அது விளையாட்டாக இல்லை. நாற்று நடுகிற கை வேண்டும், நட்டவள் உள்ளே வரலாகாது. சாக்கடை தூர்வாருகிற கை வேண்டும், வாரியவனைத் தொடலாகாது. தென்மாவட்டங்களில் பகற்பொழுதில் பிறர் கண்ணிலேயே படலாகாது என்று ஒடுக்கப்பட்ட புதிரை வண்ணார் சமூகத்தின் வரலாறு மாயாவிக் கதையினும் கொடியது. மாயாவி தானே விரும்பி மறைந்தான், இவர்கள் மறைக்கப்பட்டார்கள்.

இசை மேடையிலும் இதே நிலைதான். மிருதங்கம் வாசித்த மேதைகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தி, வாரிழுத்து, நாதம் கூட்டித் தந்தவர்களின் பெயர்கள் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. 2020இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்துவந்த தலித் கிறித்தவக் குடும்பத்தினரையும் பிற ஊர்க் கைவினைஞரையும் அந்நூல் பெயர் சொல்லி எழுதியது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் செவியும் உழைப்பும் இருந்தன என்று நாம் அறிகிறோம். எந்தத் தட்டில் எந்தச் சுருதி பிறக்கும் என்று அறிந்த செவி, இசை அறிந்த செவியன்றோ? அதனை வெறும் கூலி வேலை என்று ஒதுக்கியது அறியாமையினும் தீயது.

இங்கே நம் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற சுஜாதா, தமிழில் அறிவியல் புனைகதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். 1980களில் தொடராக வந்த அவருடைய ‘என் இனிய இயந்திரா’வில், பிள்ளை பெற்றுக்கொள்வதற்கே அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, ஜீவா என்று மனிதர்க்கெல்லாம் ஈரெழுத்துப் பெயர்கள். ஜீனோ என்னும் இயந்திர நாய், மனிதரைவிட மேலாகச் சிந்திக்கிறது. நான் அக்கதையை விரும்பிப் படித்தவன், இன்றும் விரும்புகிறவன். 2008இல் அவர் மறைந்தபோது தமிழ்ப் புனைகதைக்கு ஒரு விளக்கு அணைந்தது என்றே எண்ணினேன்.

ஆயினும் விரும்புவது வேறு, கேள்வி கேளாமல் ஏற்பது வேறு. எதிர்கால நகரங்களைப் படிக்கும்போதெல்லாம் நம் பிள்ளைகள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். அந்த நகரத்துச் சாக்கடையில் இறங்குபவர் யார்? அங்கே சேரி எந்தத் திசையில் இருக்கிறது? ஈரெழுத்துப் பெயர் வைத்துவிட்டால் சாதி போய்விடுமா? இக்கேள்விகளுக்கு வானூர்தியிலும் ஒளிக்கதிரிலும் விடை இல்லை.

இது வெறும் இலக்கியக் கேள்வி அன்று. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததென்றால், சாவு நிற்கவில்லை என்றே பொருள். 2019 அக்டோபரில் நம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாம் மறக்க இயலுமா? நான்கு நாட்கள் நாடே விழித்திருந்தது. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. அதே ஆண்டில் நாம் நிலவை நோக்கிக் கலம் அனுப்பியிருந்தோம். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் பத்திரமாக இறங்கியது. அதற்காக நான் மகிழ்கிறேன், பெருமையும் கொள்கிறேன். எனினும் வானத்துக்குச் செல்லும் இயந்திரத்தை முதலில் செய்யத் துணிந்தவர்கள், பள்ளத்துக்குச் செல்லும் இயந்திரத்தை ஏன் பின்னுக்குத் தள்ளினார்கள்? பள்ளத்தில் விழுபவர் யார், இறங்குபவர் யார் என்று பார்த்தால் விடை தெரியும். கற்பனையும் ஒரு பங்கீடே. யாருக்காகக் கற்பனை செய்கிறோம் என்பதில்தான் நீதி இருக்கிறது. கேரளத்து இளம் பொறியாளர்கள் சாக்கடைத் தொட்டியைத் துப்புரவு செய்யும் ‘பேண்டிகூட்’ என்ற இயந்திரத்தை உருவாக்கி, 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவ்வாறு கீழ்நோக்கிக் கனவு காண்கிற பொறியாளர்கள் நம் வீடுகளிலிருந்து வரவேண்டும்.

இனி இசைக்கு வருகிறேன். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ என்ற படம் வந்தது. வேற்றுக் கோளைச் சேர்ந்தவர்கள் பூமிக்கு வருகிறார்கள். அறிவியலில் அவர்கள் மிக முன்னேறியவர்கள்; ஆனால் அவர்களிடம் இசை இல்லை. ஆகவே இசை கற்றுத்தர ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறார்கள். அறிவியல் எல்லாம் அடைந்த பின்னரும் பாட்டு இல்லையேல் அந்த உலகம் குறையுடையது என்று ஒரு பொழுதுபோக்குப் படம் சொல்லிற்று. அந்தக் கருத்தை நான் முழுமனத்தோடு ஒப்புகிறேன். ஆனால் எந்த இசை என்று கேட்டால் நம்முள்ளேயே கருத்து வேறுபாடு எழும். அது பறையைப் பற்றியது. அதனை மறைக்காமல் பேசுதல் நலம்.

பறைதல் என்றால் சொல்லுதல் என்று பொருள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. மூன்று மரத்துண்டுகளை வளைவாக இணைத்து வட்டச் சட்டம் செய்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, வாரால் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்த்து, ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சியும் கொண்டு அடிக்கும்போது எழுகிற ஒலி, காலைத் தானே ஆட வைக்கும். ஆனால் இந்தக் கருவியே நம் முதுகில் சாதிச் சுமையாகவும் ஏற்றப்பட்டது. பிறர் வீட்டுச் சாவுக்குக் கூலியின்றி அடிக்க வேண்டும், மறுத்தால் அடி என்று இருந்த காலம் அது. ஆகவே பல ஊர்களில் நம் மக்கள், இனிப் பறையைத் தொடமாட்டோம் என்று உறுதி பூண்டார்கள். அந்த உறுதிக்காக அடிபட்டவர்களும் வழக்கைச் சுமந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

பின்னர் வேறொரு எண்ணமும் பிறந்தது. பறை இழிவன்று, அதனை அடிக்கச் செய்த கட்டாயமே இழிவு என்றார்கள். திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதிய முனைவர் கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புற இசையை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு சென்றார். 2018 சனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் பறையையும் மேல்நாட்டு இசையோடு கலந்து மேடையேற்றியது. 2025இல் மதுரை வட்டாரத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டு எண்ணங்களில் எது சரி? வெறுத்து எறிந்த பாட்டனுக்கும் விரும்பி எடுத்த பேரனுக்கும் நடுவே நான் நடுவராக அமரமாட்டேன். அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒருவர் எனக்கு இதில் வழி காட்டினார். ஆக்டேவியா பட்லர் என்பது அவர் பெயர். 1947இல் பிறந்து 2006இல் மறைந்தவர். அவர் தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். பின்வாசல் வழியே நுழைய வேண்டியவர். சிறுவயதில் ஒரு மட்டமான விண்வெளிப் படத்தைப் பார்த்துவிட்டு, இதனினும் நன்றாக என்னால் எழுத முடியும் என்று எழுதத் தொடங்கியவர் பட்லர். கல்லூரிக் காலத்தில் ஓர் இளைஞன், அடிமைத்தனத்துக்கு அடங்கிப் போன மூத்த தலைமுறையை இகழ்ந்து பேசக் கேட்டார். தாயார் பட்ட அவமானத்தினால்தான் தமக்குச் சோறு கிடைத்தது என்பதை அறிந்திருந்த அவர், அதற்கு விடையாக 1979இல் ‘கின்ட்ரெட்’ என்னும் புதினத்தை எழுதினார். 1976இல் வாழும் ஒரு கறுப்பினப் பெண், திடீரெனக் காலத்தில் பின்னோக்கி இழுக்கப்பட்டு அடிமைப் பண்ணையில் போய் விழுகிறாள். அங்கே உயிரோடு ஒருநாளைக் கடத்துவதே எத்தனை பெரிய வீரம் என்று அவள் உணர்கிறாள்.

இளைஞர்களே, நம்மை யாரேனும் அறுபது ஆண்டு பின்னோக்கித் தூக்கி எறிந்தால், சாவு வீட்டு வாசலில் வெயிலில் நின்று பறையடித்த பாட்டனின் இடத்தில் நாம் ஒரு பொழுது தாங்குவோமா? அவர் குனிந்து நின்றதனால் உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்ததனால் நாம் இங்கே நிமிர்ந்து அமர்ந்திருக்கிறோம். எறிந்தவரும் மானத்தைக் காத்தார். எடுத்தவரும் மானத்தைக் காத்தார். இவ்விரண்டையும் அளக்க ஒரே கோல்தான் உண்டு. அடிப்பவர் விரும்பி அடிக்கிறாரா, உரிய ஊதியம் பெறுகிறாரா, மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதே அக்கோல். மேடையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, ஊருக்குள் சாவுக்கு அடிக்க வரச்சொல்லி நம் ஆளையே மிரட்டுகிறவரின் கைதட்டல் நமக்கு வேண்டாம்.

இசைக்கும் வானத்துக்கும் முடிச்சுப் போட்ட ஒருவரையும் சொல்கிறேன். 1914இல் அமெரிக்கத் தென்பகுதியில், நிறவெறி கோலோச்சிய பர்மிங்காம் நகரில் பிறந்த ஜாஸ் இசைக் கலைஞர் சன் ரா, தாம் சனிக்கோளிலிருந்து வந்தவர் என்று வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். பலர் நகைத்தனர். ஆனால் பூமியில் தனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட ஒருவர், இன்னொரு கோளையே தன் ஊராகக் கொண்டார் என்றால், நகைப்புக்குரியவர் யார்? நம் நாட்டில் பண்ணைப்புரம் என்ற சிற்றூரில் 1943இல் பிறந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’யால் நாட்டுப்புற மெட்டைத் தமிழ்த் திரையின் நடுவில் அமர்த்தினார். 2025 மார்ச்சு 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. அச்சிம்பொனியின் பெயர் ‘வேலியண்ட்’. இரும்புக்கை மாயாவி முதன்முதலில் தோன்றிய இதழின் பெயரும் அதுவே என்பதைக் காணும்போது எனக்குச் சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே வருகின்றன. வீரம் பொருந்தியது என்பது அச்சொல்லின் பொருள்.

இறுதியாக, அன்றாட வாழ்வு. பண்பாடு என்றால் கோபுரமும் காவியமும் மட்டுமே என்று நமக்குச் சொல்லப்பட்டது. மணப்பாறை மாட்டுச் சந்தையும் பண்பாடே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கும் பண்பாடே. அந்த மாவைப் பிசைந்து, கொதிக்கும் எண்ணெய் முன் நின்று வேகும் பெண்களின் கைப்பக்குவமும் பண்பாடே. 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலி, எழுத்தறியாத எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. நம் வீடுகளில் கருவாட்டைச் சுடும் முறை, தாலாட்டின் மெட்டு, ஒப்பாரியில் இறந்தவரை விளிக்கும் சொற்கள், குழந்தைக்குச் சொல்லும் பேய்க்கதை ஆகியவற்றை எந்த நூலகமும் நமக்காகச் சேர்த்து வைக்கவில்லை. மூத்தோர் ஒருவர் மறையும்போது ஓர் ஏட்டுக்கட்டே எரிகிறது.

ஆகவே வெள்ளி விழா நிதியிலிருந்து மூன்று பொருள்களுக்கு ஒரு சிறு பங்கை ஒதுக்குமாறு கழகத்தாரை வேண்டுகிறேன். முதலாவது, தேர்வு வழிகாட்டிகள் அல்லாத நூல்களுக்கென ஓர் அலமாரி. அதில் ‘கருக்கு’ம் ‘வடு’வும் இருக்கட்டும், சுஜாதாவும் படக்கதையும் இருக்கட்டும், சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் வெளியிட்ட சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைத் தொகுப்பும் இருக்கட்டும். இரண்டாவது, விரும்புகிறவர் மட்டும் கற்றுக்கொள்வதற்கென இசைக் கருவிகள். பறையும் இருக்கட்டும், வயலினும் இருக்கட்டும்; எந்தக் கருவி எந்தப் பிள்ளைக்கு என்று பிறப்பைக் கொண்டு எவரும் தீர்மானிக்க வேண்டாம். மூன்றாவது, நம் முதியோர் பாடும் பாட்டையும் சொல்லும் கதையையும் ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயரோடும் ஊரோடும் காத்துவைக்கும் ஓர் ஏற்பாடு. பெயர் மிக இன்றியமையாதது. கை மட்டும் தெரிந்து ஆள் மறைந்த காலம் நம்மோடு முடியட்டும்.

முடிக்கும் முன் ஒரு பெயரை மட்டும் கனத்த மனத்தோடு சொல்கிறேன். 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை நாம் இழந்தோம். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்பதே தம் விருப்பமாக இருந்தது என்று அவர் எழுதி வைத்தார். விண்மீன்களை நேசித்த ஒரு பிள்ளையை, அவன் பிறப்பை மட்டும் பார்த்த ஓர் உலகம் தாங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைகளே, அவர் எழுதாமல் விட்ட நூல்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. நெஞ்சு கனக்கும்போது தனியே இராதீர்கள். இந்தக் கழகத்தின் கதவைத் தட்டுங்கள். இங்கே உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், நேரத்தை வீணாக்குகிறான் என்று அதட்டாதீர்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான்; அவள் எழுதத் தொடங்குவாள்.